கரு தரித்தால் போதுமா? தொடர் கருச்சிதைவு கண்ட பெண்கள் அறிய வேண்டியவை

மாசாய் – பல ஆண்டுகள் காத்திருந்து, சிகிச்சை பெற்றுக் கருவுறும் பெண்களில் சிலருக்கு அந்த மகிழ்ச்சி சில வாரங்களிலேயே கலைந்து விடுகிறது. இரண்டாவது, மூன்றாவது முறையும் அப்படி நேர்ந்தால், “இன்னும் பெரிய சிகிச்சைக்குப் போகலாமா?” என்று தம்பதியர் யோசிக்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: கரு ஏன் தங்கவில்லை?

கரு தரிப்பது வேறு, தங்குவது வேறு. ஐ.வி.எஃப். எனும் சோதனைக் குழாய் முறை, கருக்குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவு போன்ற தடைகளைத் தாண்ட உதவும். கருச்சிதைவுக்குக் காரணமான நோய் உடம்பில் இருந்தால் அதை அது குணப்படுத்தாது. காரணத்தைத் தேடாமல் பணம் கட்டினால், சேமிப்பும் போய் மனமும் உடைந்து போகலாம்.

என்னென்ன காரணங்கள்?

தொடக்க வாரக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாற்றால் நேர்பவை. தாயின் வயது கூடும்போது இதுவும் கூடும். கருப்பையின் உள்ளே தடுப்புச் சுவர், தைராய்டு குறைபாடு, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு ஆகியவையும் காரணமாகலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு காணப்பட்டது. ஆகவே சர்க்கரைப் பரிசோதனையை நாம் தள்ளிப்போடக் கூடாது.

இரத்தம் எளிதில் உறையும் ‘ஆன்டிபாஸ்போலிப்பிட்’ கோளாறு இன்னொரு காரணம். 12 வார இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் சோதித்தே இதை உறுதி செய்வார்கள். இதற்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பலன் தருகின்றன. 1997-இல் வெளியான லண்டன் ஆய்வில், இரண்டும் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினரே பெற்றனர். ஆனால் இக்கோளாறு இல்லாதவருக்கு அதே ஊசியால் பலன் நிரூபிக்கப்படவில்லை.

காரணம் தெரியாவிட்டால்?

நம்பிக்கை இழக்க வேண்டாம். 2015-இல் வெளியான பிரிட்டன், நெதர்லாந்து ஆய்வில், காரணம் தெரியாமல் பலமுறை கருச்சிதைவு கண்டு, பின் இயற்கையாகக் கருவுற்ற 836 பெண்கள் பங்கேற்றனர். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களிலும் 63 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர்.

சிகிச்சைக்குப் பின் கருவுற்றால்

மருத்துவர் கொடுத்த புரோஜெஸ்டரோன் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேன் செய்து, கரு கருப்பைக்குள்தான் உள்ளதா என்று பாருங்கள், ஐ.வி.எஃப். செய்தாலும் கரு குழாயில் தங்கக்கூடும். இரத்தக் கசிவு, ஒரு பக்க வயிற்று வலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எங்கே தொடங்குவது?

மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தினர் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்டு, ஜொகூர் பாரு அரசாங்க மருத்துவமனையின் மகப்பேறு நிபுணரைப் பார்க்கலாம். பழைய ஸ்கேன், இரத்த அறிக்கைகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். கணவரும் உடன் வரவேண்டும். குரோமோசோம் பரிசோதனை இருவருக்கும் தேவைப்படலாம்.

மாடிப்படி ஏறியதாலோ, வீட்டு வேலை செய்ததாலோ கரு கலைவதில்லை. குழந்தையை இழந்தவளிடம் “நீ என்ன செய்தாய்?” என்று மாமியாரும் உறவினரும் கேட்பதை நிறுத்தினாலே பாதிப் பாரம் குறையும்.