சாதிப்பதற்கு முன்னரே கிடைத்த அங்கீகாரம்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படத்தை முகநூலில் போடுகிறோம். நாலைந்து புள்ளிகளால் தவறவிட்ட பிள்ளையை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம். பெற்றோரின் அன்பைப் புள்ளி எடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று அந்தப் பத்து வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்கிறது.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. இடப்பெயர்வுகளில் வீடும் காணியும் நகையும் போன பின்னர் எஞ்சியது படிப்பு ஒன்றுதான். பிள்ளை அதையும் இழந்துவிடுமோ என்ற பயமே பல வீடுகளில் ஏச்சாக வெளிவருகிறது. ஆனாலும் பிள்ளைக்குக் கேட்பது ஏச்சு மட்டும்தான். அதன் பின்னால் இருக்கும் பயம் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் கிறிஸ்தவ விசுவாசம் சொல்லும் செய்தி கவனிக்கத்தக்கது. யோர்தான் நதியில் யோவானிடம் இயேசு திருமுழுக்குப் பெற்றபோது, அவர் தமது அன்பு மகன் என்றும் அவரில் தாம் மகிழ்ச்சி அடைவதாகவும் வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்டதாக நற்செய்திகள் கூறுகின்றன. அப்போது இயேசுவுக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதுவரை அவர் நாசரேத்தூரில் ஒரு தச்சராகவே அறியப்பட்டிருந்தார். கானாவூர்த் திருமண வீட்டு முதல் அற்புதமும் அதற்குப் பின்னர்தான் நடந்தது. அதாவது, எதையும் செய்து காட்டுவதற்கு முன்னரே தந்தையின் அங்கீகாரம் வந்துவிட்டது. கத்தோலிக்கர் அருள் என்றும் ஏனைய சபையினர் கிருபை என்றும் சொல்வது இதைத்தான்.

மாற்குவும் லூக்காவும் எழுதியபடி, அந்தக் குரல் மகனை நோக்கியே பேசுகிறது. மத்தேயுவில் அது மகனைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்கிறது. பிள்ளைக்கு இரண்டும் தேவை. "நீ என்ர பிள்ளை, உன்னை நினைச்சாச் சந்தோசம்" என்று நேரே கேட்கவும் வேண்டும். ஆட்களுக்கு முன்னால் தன்னைப் பற்றி அப்பாவோ அம்மாவோ நல்ல வார்த்தை சொல்லவும் வேண்டும்.

அந்த அங்கீகாரத்தைத் தொடர்ந்து இயேசு 40 நாட்கள் வனாந்தரத்தில் பசியோடு இருந்தார். அங்கே வந்த சோதனைகளில் இரண்டு, அவர் உண்மையில் கடவுளின் மகன்தானா என்ற கேள்வியோடு தொடங்குகின்றன. தந்தை சொன்ன அதே வார்த்தையைத்தான் சோதிப்பவன் அசைத்துப் பார்த்தான். எங்கள் பிள்ளைகளுக்கும் இப்படியான வனாந்தரங்கள் உண்டு: பரீட்சைத் தோல்வி, வேலையின்மை, போதைப்பொருளோடு நெருங்கும் கூட்டாளிகள். வீட்டில் கேட்ட நல்ல வார்த்தை அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைத்தடி.

ஊக்கம் என்பது பிழையை மூடி மறைப்பதல்ல. திருத்துவதும் தந்தையின் கடமை என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. அதேவேளை, பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும் அளவுக்கு அவர்களை எரிச்சலூட்ட வேண்டாம் என்று கொலோசெயருக்கு எழுதிய திருமுகம் தந்தையரை எச்சரிக்கிறது. செய்ததைத் திருத்தலாம், ஆனால் "நீ உதவாதவன்" என்று ஆளையே தள்ளிவிடக் கூடாது.

தந்தையே இல்லாத வீடுகள் எங்களிடம் அதிகம். போரில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், பிழைப்புக்காகத் தூரதேசம் போனவர்கள் என்று காரணங்கள் பல. தாயும் அம்மம்மாவும் மாமாவும் வளர்த்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பொருந்துமா? பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அவருடைய பாட்டியையும் தாயையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். தந்தையை அங்கே குறிப்பிடவில்லை. தாயும் தந்தையும் கைவிட்டாலும் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கை 27ஆம் சங்கீதத்தில் உண்டு.

பெற்றோரின் வார்த்தை கடவுளின் வார்த்தைக்கு ஈடாகாது. பெற்றோர் களைத்துப்போவார்கள், கோபப்படுவார்கள், சில நாட்களில் தவறியும் போவார்கள். ஆனால், கடவுள் தன்னில் மகிழ்கிறார் என்பதைக் கண்ணால் காணாத பிள்ளை, அது எப்படிப்பட்ட மகிழ்ச்சி என்பதை முதலில் வீட்டிலிருப்பவர்களின் முகத்தில்தான் பார்க்கிறது. அதற்காக அடுத்த பெறுபேறு வரும்வரை பிள்ளையைக் காத்திருக்க வைக்கத் தேவையில்லை.