600 அடிப் பள்ளமும் அதை வெட்டியவர்களும்

பாஸ்டனில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், இலையுதிர்காலத்தில் மலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறுவதைக் காண வெர்மான்ட் மாநிலம்வரை காரில் போய் வருவதுண்டு. சுமார் மூன்று மணி நேரப் பயணம். அங்கே பேரி என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு பள்ளத்தைக் காட்டுவதற்கென்றே சுற்றுலாப் பேருந்து ஓடுகிறது.

சாதாரணப் பள்ளமல்ல. ராக் ஆஃப் ஏஜஸ் நிறுவனத்தின் இ. எல். ஸ்மித் கல்குவாரி ஏறக்குறைய 600 அடி ஆழம். சிங்கப்பூரின் டக்ஸ்டன் பினக்கல் அடுக்குமாடியை அதன் 50 மாடிகளோடும் உள்ளே நிறுத்தினால்கூட, உச்சிக்கு மேலே இடம் மிஞ்சும். விளிம்பில் வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால், செங்குத்தாக அறுக்கப்பட்ட சாம்பல் நிறச் சுவர்கள் படிப்படியாக இறங்குகின்றன. அடியில் வேலை செய்பவர்கள் எறும்புபோல் தெரிகிறார்கள்.

இந்தக் கல்லின் அருமை நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். 1830களில் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் சட்டமன்றக் கட்டடம் எழுந்தபோது, இங்கிருந்துதான் வண்டி கட்டி இழுத்துச் சென்றார்கள். வெட்டுவதைவிடக் கொண்டுபோவதே பெரும்பாடு. 1875-ல் ரயில் வந்தது. பிறகு குவாரிகள் இருக்கும் குன்றின்மேலேயே தண்டவாளம் ஏறியது. அதோடு ஊரின் தலையெழுத்து மாறியது.

நிறுவனத்தின் வரலாறு 1885-ல் தொடங்குகிறது. அப்போது அதற்கு வேறு பெயர். ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ என்பது பழைய ஆங்கிலத் துதிப்பாடல் ஒன்றின் பெயர். கல்லறைக் கல் விற்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா! கல்லுக்கு வணிகப் பெயராக வைத்தது, 1920களில் நிறுவனத்தின் பெயராகவும் ஆனது. இன்று அது கனடாவின் பாலிகோர் குழுமத்துக்குச் சொந்தம்.

1880-ல் பேரியின் மக்கள்தொகை சுமார் 2,000. அடுத்த 20 ஆண்டுகளில் அது பல மடங்கு பெருகியது. ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து கல் வெட்டுபவர்களும், இத்தாலியின் கராராவிலிருந்தும் வட பகுதிகளிலிருந்தும் சிற்பிகளும் குடும்பத்தோடு கப்பலேறி வந்தார்கள். 1899-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு ஊரில் சிலை வைத்தார்கள். அதைச் செதுக்கியவர்கள் இத்தாலியர்கள்.

வந்தவர்களுக்கு நல்ல கூலி கிடைத்தது. கூடவே ஒரு நோயும் கிடைத்தது. கையால் உளி பிடித்த காலத்தில் தூசி குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்றழுத்தக் கருவிகள் வந்ததும் வேலை வேகமானது, கல் மாவாகப் பறந்தது. வெர்மான்ட் குளிருக்குப் பயந்து பட்டறைகளை நான்கு பக்கமும் அடைத்துவிட்டார்கள். பறந்த தூசிக்கு வெளியேற வழியில்லை. அதிலிருந்த சிலிக்கா துகள்கள் நுரையீரலில் படிந்து, அதைத் தழும்பாக இறுக்கின. இதுதான் சிலிக்கோசிஸ். பின்னாலேயே காசநோயும் தொற்றிக்கொள்ளும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ஆண்கள் வரிசையாக இறந்தார்கள். வெளியூர்த் தொழிலாளிகளுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்த விதவைகள் ஏராளம்.

தீர்வு ஒன்றும் பெரிய அறிவியல் அதிசயமல்ல. கருவியின் வாயருகிலேயே தூசியை உறிஞ்சும் குழாய்! 1930களின் பிற்பாதியில்தான் அது பட்டறைகள் முழுவதும் பொருத்தப்பட்டது. 1940க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் இந்த நோய் அநேகமாக மறைந்துபோனதாகப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின.

இதெல்லாம் எங்கோ நடந்த பழங்கதை என்று நினைத்துவிட முடியாது. சிங்கப்பூரின் கிரானைட் குவாரித் தொழிலாளர்களையும் இதே நோய் வாட்டியது. இன்று நாம் சைக்கிள் ஓட்டப் போகும் புலாவ் உபினில் கடைசிக் குவாரி மூடியது 1999-ல்தான். சமையலறை மேடைக்கு நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா கிரானைட்டைவிட மிக அதிகம். அதை நீர் விடாமல் அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது.

பேரிக்குப் போனால் குவாரியோடு திரும்பிவிடாமல் தொழிற்சாலையையும் பாருங்கள். வருகையாளர்களுக்கென மேலே ஒரு நடைமேடை இருக்கிறது. கீழே ராட்சத ரம்பங்கள் கல்லை ரொட்டிபோல் அறுக்க, ஒருவர் பெயர் பொறிக்க, இன்னொருவர் பூவிதழைச் செதுக்கிக்கொண்டிருப்பார். எல்லாரும் கல்லைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, செதுக்குபவரின் கைக்குப் பக்கத்தில் வளைந்து நிற்கும் அந்தத் தடித்த குழாயை.

பிள்ளைகளுக்கு வேறொன்று பிடிக்கும். 1950களில் நிறுவனம் கிரானைட்டில் பௌலிங் தளம் போட்டு விற்கலாம் என்று முயன்றது. வியாபாரம் எடுபடவில்லை. சோதனைக்காகப் போட்ட ஒரு தளம் திறந்தவெளியில் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் பந்து உருட்டி விளையாடுகிறார்கள்.

அடுத்து ஊருக்குள் இருக்கும் ஹோப் கல்லறைத் தோட்டம். 1895-ல் திறக்கப்பட்டது, 65 ஏக்கர், எல்லாமே பேரியின் சாம்பல் கல். கால்பந்து வடிவில் ஒன்று, பந்தயக் கார் வடிவில் ஒன்று என்று சுற்றுப்பயணிகளைச் சிரிக்க வைக்கும் கல்லறைகளும் உண்டு. பர்ன்ஸ் சிலையின் பீடத்தில் காட்சிகளைச் செதுக்கிய எலியா கோர்ட்டி இங்கே ஆளுயரச் சிலையாக, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். 1903-ல் சோஷலிஸ்டுகளுக்கும் அராஜகவாதிகளுக்கும் இடையே நடந்த கைகலப்பில் குண்டடிபட்டு இறந்தவர். கோட்டின் பொத்தானும் துணியின் மடிப்பும் கல் என்று நம்ப முடியாது. காலடியில் அவருடைய கருவிகள்.

கொஞ்சம் தள்ளி லூயி புருசாவின் கல்லறை. பட்டறைத் தூசிக்கு எதிராகக் குரல் கொடுத்த சிற்பி அவர்; 1937-ல் சிலிக்கோசிஸ் நோயாலேயே இறந்தார். நாற்காலியில் சாய்ந்து உயிர்விடும் ஒரு மனிதரையும் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் பெண்ணையும் அந்தக் கல்லில் காணலாம். அதைச் செதுக்கியவரும் அதே ஊர்ப் பட்டறையில் அதே காற்றைச் சுவாசித்தவர்.

குவாரிப் பேருந்து கோடையிலும் இலையுதிர்காலத்திலும் மட்டுமே ஓடும். சீட்டு வாங்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை.