முந்நூறு ஆம்ப்ளி எதுக்கு? மூணு மதி!

சினிமாவில் ஹீரோ மலையுச்சியில் நின்றுகொண்டு எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பார். அதிலிருந்து ஒரு ஒயரும் எங்கேயும் போகாது. சத்தம் மட்டும் எட்டுத் திசையிலும் எதிரொலிக்கும்!

நிஜத்தில் அப்படி வாசித்தால் பக்கத்தில் நிற்கிற ஹீரோயினுக்கே கேட்காது. கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். எலெக்ட்ரிக் கிடாரின் குரல் பாதி கிடாரில், மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயரில். சில கிடாரிஸ்டுகளைக் கேட்டால், "முக்கால்வாசியும் ஆம்ப்ளிதான் சார்" என்பார்கள்.

அந்த ஆம்ப்ளி இப்போது பெரிய பெட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு சிப்புக்குள் குடிபோய்விட்டது. பெயர், டிஜிட்டல் ஆம்ப் மாடலர். டிபன் பாக்ஸ் சைஸ். உலகத்தில் பேர்போன ஆம்ப்ளிகளின் குரல்களெல்லாம் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் லண்டன், இன்னொரு மிதி மிதித்தால் கலிஃபோர்னியா!

இதெல்லாம் சென்னை ஸ்டூடியோ சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். எங்கள் நெய்யூர் பக்கம் வந்து பாருங்கள். சர்ச் கொயர், கிறிஸ்துமஸ் கேரல், கோயில் கொடை, கல்யாண வரவேற்பு... திங்கள்சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒன்று பாடகர் மேல் விழும், இல்லை கிடாரிஸ்ட் மேல் விழும்.

ஊர் ராசி அப்படி. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் சாமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். போன இடத்தில் மலையை மட்டும் பார்க்காமல், திபெத்துப் பாட்டுகளைக் காதால் கேட்டு நோட்ஸ் எழுதிக்கொண்டு வந்தவர். இன்றைக்கு மெஷின்கள் 'கேப்சர்' பண்ணுகிறேன் என்று கிளம்பியிருக்கிற வேலையை நூறு வருஷத்துக்கு முன்னால் பென்சிலும் பேப்பருமாகச் செய்திருக்கிறார் மனிதர்!

அது என்ன கேப்சர்? கொஞ்சம் பின்னால் போவோம்.

பழைய ஆம்ப்ளிகள் வால்வில் ஓடின. தாத்தா வீட்டு ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டுமே, அதே வால்வு. கிடாரை மெல்ல மீட்டினால் சுத்தமாகப் பேசும். ஓங்கி அடித்தால் தாங்க முடியாமல் ஒலியலையின் உச்சியை மழுக்கிவிடும். எஞ்சினீயரிங் கணக்குப்படி அது கோளாறு. ஆனால் காதுக்கு அந்தக் கோளாறு தேனாக இருந்தது! ராக் சங்கீதமே அந்தக் கோளாறின் மேல் கட்டிய மாளிகைதான்.

சிக்கல் என்னவென்றால் கனம். வாக்ஸ் ஏ.சி. 30 என்ற பிரபல பிரிட்டிஷ் ஆம்ப்ளி முப்பது கிலோவுக்கு மேல். கொயருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் பாடுவதற்கு முன் முதுகு பாடும்.

எனவே கம்ப்யூட்டர் களத்தில் இறங்கியது. 1995-ல் ரோலண்ட் கம்பெனியின் வி.ஜி.-8. 1996-ல் லைன் 6 கம்பெனியின் ஆக்ஸிஸ் 212. 1998-ல் அதே கம்பெனி சிவப்பு அவரை விதை வடிவத்தில் ஒரு சின்னப் பெட்டி விட்டது. பெயர் 'பாட்'. (பாட்டுக்குப் பொருத்தமான பெயர்!) 2006-ல் ஃப்ராக்டல் கம்பெனியின் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ். 2011-ல் ஜெர்மனியிலிருந்து கெம்ப்பர் வந்தது. இது நிஜ ஆம்ப்ளிக்குள் விதவிதமான சத்தங்களை அனுப்பி, திரும்பி வருவதை அலசி, அதன் ஜாதகத்தையே எழுதி வைத்துக்கொண்டது. அதுதான் கேப்சர்.

இப்போது சத்தத்தை மட்டும் கேட்டால் எது வால்வு, எது சிப் என்று கைதேர்ந்தவர்களே தடுமாறுகிறார்கள். அப்புறம் இன்னும் என்னதான் வேண்டுமாம் கிடாரிஸ்டுகளுக்கு?

கேட்டுத்தான் பார்ப்போமே என்று எங்கள் பக்கத்து வாசிப்பாளர்களிடம் போனேன்.

முதலில் மாட்டியவர் மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷமாக வாசிக்கிற ஓர் அண்ணாச்சி. கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது.

"தம்பி, இதுக்குள்ள முந்நூறு ஆம்ப்ளி உண்டுன்னு விக்கிறான். முந்நூறு எதுக்கு? எனக்கு மூணு மதி. ஆனா அந்த மூணும் எனக்க விரலு சொல்லுகதைக் கேக்கணும்."

விரல் சொல்வது என்றால்? கிடாரில் ஒரு வால்யூம் திருகு இருக்கிறது. நல்ல வால்வு ஆம்ப்ளியில் அதைக் கொஞ்சம் குறைத்தால் சத்தம் மட்டும் குறையாது, கரகரப்பும் விலகிக் குரல் தெளிந்துவிடும். பல்லவிக்கு ஒரு குரல், சரணத்துக்கு ஒரு குரல், சுண்டுவிரல் அசைவிலேயே! கேப்சர் முறையில் ஆம்ப்ளியின் திருகுகளைத் தொடும்போதுதான் சறுக்கல் வரும் என்கிறார்கள். அது ஆம்ப்ளியின் திருகுகள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது எடுத்த போட்டோ. திருகைத் திருப்பினால் அசல் ஆம்ப்ளி என்ன பேசியிருக்கும் என்பதை மெஷின் ஊகிக்கத்தான் வேண்டும்.

இதற்கு மருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. ஃபின்லாந்தின் நியூரல் டி.எஸ்.பி. கம்பெனி 2024-ல் ஒரு ரோபோவை அறிமுகப்படுத்தியது. பெயர் டீனா. வேலை? ஆம்ப்ளியின் திருகுகளை விதவிதமான நிலைகளில் திருப்பித் திருப்பி வைத்து ஒவ்வொன்றையும் பதிவு செய்வது. போட்டோவுக்குப் பதில் சினிமா! (எங்கள் வீட்டு வாண்டு இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும்.)

கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி வேறு குறை சொன்னான். "அண்ணே, வீட்ல ஹெட்ஃபோன்ல கேட்டா சொர்க்கமா இருக்கும். சர்ச்ல போய் மைக் செட்டுல குத்தினா தகர டப்பா!"

காரணம் உண்டு. கிடார் ஆம்ப்ளியின் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போகிற கீச்சுக் குரல்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மைக் செட் ஸ்பீக்கர் பிரசங்கத்துக்கு ஏற்பட்டது, ஒன்றையும் விழுங்காது. அதனால் மாடலருக்குள் அந்தப் பழைய ஸ்பீக்கரின் நகலும் இருக்கிறது. சரி, ஆனால் எதிரே இருக்கிற ஸ்பீக்கர் ஹெட்ஃபோனா, அஹூஜா பெட்டியா, கேரல் ஜீப்பின் மேல் கட்டிய குழாயா என்பது மெஷினுக்குத் தெரியாது. "நாலு சத்தம் விட்டுப் பார்த்து, கேட்டுத் தன்னைத் தானே சரி பண்ணிக்கிடணும்" என்கிறான் தம்பி. நியாயமான ஆசை.

அவனுக்கு ஓர் இலவச ஆலோசனையும் கிடைத்தது அண்ணாச்சியிடம்: புளூடூத் ஹெட்ஃபோனில் வாசித்துப் பழகாதே! சத்தம் காற்றில் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். நல்ல மாடலர் எடுத்துக்கொள்கிற தாமதம் மூன்று மில்லிசெகண்ட் என்றால், ஆம்ப்ளியை ஒரு மீட்டர் தள்ளி வைத்த மாதிரி. பிரச்னையில்லை. புளூடூத்தில் தாமதம் நூறைத் தாண்டினால்? ஆம்ப்ளி அடுத்த தெருவில் இருக்கிறது!

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களின் குறை தனி ரகம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினிலும், பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரிலும் கமகம் வருமா என்ற கேள்விக்கே முற்றுப்புள்ளி வைத்தவர்கள். தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அது தேய்ந்து அடங்குகிற வரைக்கும் வழுக்கி இழைக்க வேண்டும். மாடலரில் 'நாய்ஸ் கேட்' என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இரைச்சல் என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்துவது அவர் வேலை. ராக் வாசிப்புக்குச் சரி. இங்கே தோடியின் காந்தாரம் பாதி வழியில் இருக்கும்போதே சாத்திவிடுகிறார்! இரைச்சலுக்கும் இழைப்புக்கும் வித்தியாசம் தெரிந்த வாட்ச்மேன் வேண்டும் என்பது அவர்கள் மனு.

கரண்ட் விஷயம் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் வோல்டேஜ் ஊஞ்சல் ஆடும். போதாக்குறைக்கு, எர்த் சரியில்லாத இடங்களில் 50 ஹெர்ட்ஸ் 'ஹ்ம்ம்ம்' என்று சுருதிப்பெட்டி தனியாக ஓடும். அது காதுக்கு மட்டும் கெடுதல் இல்லை. 1972-ல் வேல்ஸில் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட், எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டு ஷாக்கடித்து இறந்தே போனார். கையில் கிடார் தந்தி, உதட்டில் மைக் என்று பாடிக்கொண்டே வாசிக்கிறவர்களுக்கு ஆபத்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. முந்நூறு ஆம்ப்ளியில் இருநூற்றைத் தூக்கிவிட்டு, 'எர்த் இல்லை, ஜாக்கிரதை' என்று ஒரு சிவப்பு விளக்கு வைத்தால் என்னவாம்? பாஸ் ஜி.டி.-1 போல நாலு பென்சில் செல்லில் ஓடுகிற மாடலர்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது என்பதற்காகவே எங்கள் ஊரில் அவற்றுக்கு மவுசு.

கடைசியாக அண்ணாச்சி என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சாமான்களைக் காட்டினார்.

ஒன்று, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்த வால்வு ஆம்ப்ளி. சுவிட்சைப் போட்டார். அரை நிமிஷம் யோசித்துவிட்டு ஆரஞ்சாகக் கண் விழித்தது.

இன்னொன்று, எட்டு வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கி வாங்கிய மாடலர். (கம்பெனி பெயர் வேண்டாம்.) அதை அமைப்பதற்கு ஒரு ஆப் உண்டு. போன் மாற்றினார். புது போனில் அந்த ஆப் ஏறமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ராத்திரி கண்விழித்து அவர் அமைத்து வைத்த குரல்களெல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அவரால் ஒன்றைக்கூட மாற்ற முடியாது.

"மெஷினுக்கு ஒண்ணும் கேடில்ல தம்பி. பூட்டு நல்லாத்தான் இருக்கு. சாவிதான் கம்பெனிக்காரன்ட்ட இருக்கு."

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு சமாசாரத்தை மூன்று வருஷம் உருப்போட்டிருக்கிறேன். மெஷின் தேயும், அதனால் வருஷா வருஷம் மதிப்பைக் குறை என்று வாத்தியார் சொன்னார். ஒரு துகள்கூடத் தேயாத மெஷின் ஒரே ராத்திரியில் பாதி செத்துப்போவதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது என்று அவர் சொல்லித்தரவில்லை. வாராவாரம் மேடையேறி அரிசி வாங்குகிறவருக்கு இது வெறும் பொழுதுபோக்கு நஷ்டம் இல்லை. முதலீடு.

அடுத்த தலைமுறை மாடலரிடம் கேட்க வேண்டிய பெரிய வரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. குரல்களைப் பூட்டி வைக்காதே. ஒரு கம்பெனி பெட்டியில் அமைத்ததை இன்னொரு பெட்டிக்கு எடுத்துப் போக விடு. ஆப் போனாலும் பெட்டியின் மேலேயே நாலு திருகு இருக்கட்டும். நடக்காத காரியமில்லை. ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் எழுதிய 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் முழுக்க இலவசம். அதன் சூட்சுமத்தையும் ஒளிக்காமல் திறந்து வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் தன் ஆம்ப்ளியைக் கேப்சர் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்படீன்னா இந்த மெக்கானிக் கட்டின ஆம்ப்ளியையும் அதுக்குள்ள ஏத்தலாமா?"

"தாராளமா ஏத்தலாம் அண்ணாச்சி."

லண்டன், கலிஃபோர்னியா வரிசையில் கூடிய சீக்கிரம் 'நெய்யூர்' என்று ஒரு பெயரைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்!