உயிருக்குப் போராடிய 794 பேருக்கு “சீட்டு குலுக்கி” மருந்து!
உண்ணிக் காய்ச்சலுக்கு வேலூர் டாக்டர்கள் கண்ட விடை

தென்காசி,

குற்றாலத்தில் சாரல் நின்று, சீசன் கடைக்காரர்கள் தட்டியைப் பிரித்துக் கட்டிய பிறகுதான் இந்த ஆசாமி மும்முரமாகக் கிளம்புகிறான்.

யார் அந்த ஆசாமி? புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு பொடிப்பூச்சி. “உண்ணிக் காய்ச்சல்” என்று பெயர் வைத்து விட்டார்கள். ஆனால் மாட்டில் ஒட்டும் உண்ணி அல்ல இது. அதைவிட ரொம்பச் சிறியது. இதன் குஞ்சு கடித்தால் கிருமி உடம்புக்குள் புகுந்து விடும். டாக்டர்கள் இதை “ஸ்கிரப் டைபஸ்” என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் இந்த நோய் அதிகம். ஆடு மேய்ப்பவர், புல் அறுப்பவர், விறகு பொறுக்குபவர், புதர் ஓரம் ஒதுங்குபவர் மாட்டிக்கொள்கிறார்கள். மலை அடிவாரமும் தோப்புமாக இருக்கும் தென்காசி, குற்றாலம் பக்கம் பூச்சிக்குத் தோதான இடம்.

கடித்தது தெரியாது. சுமார் 10 நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி. “சாதா காய்ச்சல்தானே” என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதில் ஒரு வாரம் ஓடிவிடும். பிறகு சிலருக்கு மூச்சுத் திணறல், கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகக் கோளாறு, நினைவு தடுமாற்றம். அப்போதுதான் வண்டி பிடித்து ஓடுகிறார்கள்.

எந்த மருந்து?

பென்சிலின் வகை மருந்துகள் இதில் பலிக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் கேட்கும். ஆனால் ஆபத்தான கட்டத்தில் எது நல்லது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? இதற்குச் சரியான விடை இல்லாமலே இருந்தது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் ஜார்ஜ் வர்கீசும் அவரது குழுவினரும் இதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள். இந்தியாவில் 7 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. நோய் முற்றிய நோயாளிகளை, சீட்டு குலுக்குவது போல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதுக்கு இரண்டும். 7 நாள் ஊசி வழியாக ஏற்றினார்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது!

“நம்ம ஆளை வச்சு சோதனை பண்றாங்களா?” என்று கேட்கத் தோன்றும். உள்ளே மூச்சுக்குத் திணறும் மனிதர். வெளியே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியோ மகனோ. சாதாரண விஷயமா அது? நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாமல் யாரையும் விடவில்லை. மூன்று பிரிவுக்கும் ஏற்கனவே நாட்டில் புழங்கும் மருந்துதான்.

முடிவு 2023 மார்ச்சில் அமெரிக்காவின் பிரபல மருத்துவ இதழான “நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்” இதழில் வெளியானது. இறந்தவர்கள், 5-ம் நாளும் காய்ச்சல் விடாதவர்கள், 7-ம் நாளும் உறுப்புக் கோளாறு தீராதவர்கள் என எல்லோரையும் சேர்த்து எண்ணினார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 47 பேர். அசித்ரோமைசின் மட்டும் என்றால் 48. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 தான்!

ஒன்றை மறைக்கக் கூடாது. சாவு எண்ணிக்கையை மட்டும் தனியே பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உறுப்புகள் சீக்கிரம் தேறியதுதான் லாபம். ஐ.சி.யு. வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது சின்ன லாபம் அல்ல.

கருப்புப் பொருக்கு

பூச்சி கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படாதீர்கள். ஆனால் எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனையும் உண்டு. தோட்டம், காடு பக்கம் போய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.