வலிப்பின் தோற்றுவாயைத் தேடி

தகுந்த இரண்டு மருந்துகளை முறையாக உட்கொண்டும் வலிப்பு நிற்காதவர்களிடம்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அப்போது குடும்பத்தினர் தவறாமல் கேட்பது: "முன்பே ஸ்கேன் எடுத்தாயிற்றே, மறுபடியும் ஏன் இத்தனை பரிசோதனைகள்?"

ஒவ்வொரு பரிசோதனையும் வெவ்வேறு கேள்விக்கு விடை தேடுகிறது. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருந்தாலோ, மூளையின் புறணி பிறவியிலேயே சீராக உருவாகாதிருந்தாலோ அதில் தெரியக்கூடும். வலிப்புக்கென வகுத்த முறையில் மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கும்போது, முன்பு தென்படாத சிறு மாற்றமும் புலப்படலாம்.

எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதனால் தோற்றுவாயே இல்லை என்று பொருளாகாது. மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் விதத்தைப் பெட் ஸ்கேன் காட்டும். வலிப்பு இல்லாத வேளையில் தோற்றுவாய்ப் பகுதி பெரும்பாலும் குளுக்கோஸைக் குறைவாகவே ஏற்கும். ஸ்பெக்ட் ஸ்கேன் இரத்த ஓட்டத்தைக் காட்டும். வலிப்பு தொடங்கிய சில நொடிகளிலேயே அதற்குரிய மருந்தை ஊசிவழிச் செலுத்த வேண்டும். தாமதித்தால், வலிப்பு பரவிய இடம் தெரியுமேயன்றித் தொடங்கிய இடம் தெரியாது. ஆகவே, அறிகுறி கண்டதும் உடனிருப்பவர் அழைப்பு மணியை அழுத்துவது மிக இன்றியமையாதது.

பேச்சும் கைகால் அசைவும் எப்பகுதியில் இயங்குகின்றன என்பதைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. அறிவிக்கும். எதை அகற்றலாம் என்பதோடு, எதைத் தொடலாகாது என்பதையும் அறிந்தாக வேண்டும். இப்படங்களும் காணொளி இ.இ.ஜி. பதிவும் ஒரே இடத்தைச் சுட்டினால் மருத்துவக் குழுவுக்குத் துணிவு பிறக்கும். முரண்பட்டால், மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி ஆராய நேரிடலாம். சில வேளை அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதே நலமென முடிவாகலாம்.

இவ்வளவு கவனம் ஏன்? மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புடைய 116 சிறாரிடம் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில், அறுவை சிகிச்சை பெற்றோரில் 77 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றிருந்தது. மருந்து மட்டும் பெற்றோரில் 7 விழுக்காட்டினருக்கே நின்றது. ஆயினும் அறுவை சிகிச்சை பெற்றோரில் 33 விழுக்காட்டினருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. ஒருபக்கக் கைகால் வலுவிழப்பே அவற்றுள் மிகுதி. நன்மையையும் இழப்பையும் முன்கூட்டியே நிறுத்துப் பார்ப்பதற்கே இப்பரிசோதனைகள்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் வலிப்பு வரும்போது நோயாளியின் பாதுகாப்பை உறுதி செய்தபின், இயன்றால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் தலை எப்பக்கம் திரும்பியது, எந்தக் கை இழுத்தது, பேச்சு எப்போது மீண்டது எனக் குறித்து வையுங்கள். பரிசோதனைக்காக மருந்தைக் குறைப்பதாயின் அது மருத்துவமனையில், எங்கள் கண்காணிப்பில் மட்டுமே நிகழ வேண்டும்; வீட்டில் ஒரு வேளை மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பின் முதல் நொடியைப் பெரும்பாலும் அருகிலிருந்து காண்பவர் நீங்களே. தோற்றுவாயைத் தேடும் பணி உங்கள் சொற்களிலிருந்தே தொடங்குகிறது.