எலும்பை ஒட்டப் பசை உண்டா?

நாற்காலியின் கால் உடைந்தால் தச்சர் என்ன செய்கிறார்? வஜ்ஜிரத்தைக் காய்ச்சித் தடவி, இறுகக் கட்டி வைக்கிறார். மறுநாள் அதில் உட்காரலாம்.

மனிதனின் கால் உடைந்தால் அப்படி முடிகிறதா? மாவுக் கட்டு, தகடு, திருகாணி, மாதக் கணக்கில் ஓய்வு! சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடுகிறது.

எலும்பையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் என்ன? டாக்டர்களுக்கு நெடுநாளாக இந்த ஆசை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், வஜ்ஜிரமே மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பதுதான். ஆனால் வெந்நீர் பட்டால் அது கரைந்துவிடும். உடம்புக்குள்ளோ எப்போதும் சூடு, எப்போதும் ஈரம். அங்கே அதற்கு வேலை இல்லை.

திராவகம் தடவிய பல்

முதல் வெற்றி பல்லில் கிடைத்தது.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் விஞ்ஞானி இருந்தார். பல் குழியை அடைக்கும் பொருள் பல்லோடு ஒட்டுவதில்லையே என்பது அவருடைய கவலை. ஒட்டாத இடுக்கில் எச்சில் புகும். கூடவே கிருமியும் புகும். அடைத்த பல் மறுபடி சொத்தையாகும். அடைப்பு கழன்று விழாமல் இருப்பதற்காக, டாக்டர்கள் நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்தது.

தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டுக்கு வர்ணம் பூசும் முன் பாஸ்பாரிக் திராவகம் தடவுவார்கள். வர்ணம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதே திராவகத்தைப் பல்லில் தடவிப் பார்த்தார் புவோனகோர்.

பல்லின் மேல் இருக்கும் பளபளப்பான எனாமலில் 30 விநாடி தடவினார். கழுவி உலர்த்தினார். அதன் மேல் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை ஒரு சொட்டு வைத்தார். திராவகம் படாத பல்லில் வைத்த சொட்டு சில மணி நேரத்தில் விழுந்துவிட்டது. திராவகம் பட்ட பல்லிலோ வாரக் கணக்கில் நின்றது! 1955-ல் இதை அவர் உலகுக்கு அறிவித்தார்.

இந்த வித்தை நம் கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். வழுவழுப்பான பழைய சுவரில் பூச்சு நிற்காது. ஆகவே முதலில் சுவரைக் கொத்திவிடுகிறார். பிறகு பூசுகிறார். திராவகமும் பல்லை அப்படித்தான் கொத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. பிளாஸ்டிக் அவற்றில் இறங்கிக் கெட்டியாகி, வேர் விட்டது போல் பிடித்துக்கொள்கிறது.

பல் கரைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கரைவது தலைமயிரின் பருமன்கூட இல்லாத ஒரு படலம். இன்று டாக்டர்கள் தடவுவது, புவோனகோர் தடவியதில் பாதி வீரியம்கூட இல்லாத திராவகம்.

வாயிலிருந்து இடுப்புக்கு

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஜான் சார்ன்லி என்ற டாக்டர், தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார். மூட்டின் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் செருக வேண்டும். தண்டு ஆடினால் நோயாளிக்குத் தாங்க முடியாத வலி!

அவருக்கு வழி சொன்னவர், மான்செஸ்டரில் பல் வைத்தியப் பொருள்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித். பொய்ப்பல் கட்டும் அக்ரிலிக்கைப் போட்டு இறுக்கலாமே என்றார். 1958-ல் சார்ன்லி அதைக் கையாளத் தொடங்கினார்.

பொடியையும் திரவத்தையும் கலந்தால் பிசைந்த மாவு போல் ஆகிறது. அதை எலும்புக்குள் திணித்துத் தண்டைச் செருகுகிறார்கள். சுமார் 10 நிமிடத்தில் கல்லாகிவிடுகிறது. எழுந்து நிற்க முடியாமல் கிடந்த முதியவர்கள் நடந்தார்கள்.

இதைப் பசை என்று சொல்வது தவறு. சார்ன்லியே அதை ஒப்புக்கொள்ளவில்லை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே கலவை போட்டு இறுக்குகிறோமே, அதைப் போன்றது இது. எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கிறது. அந்தத் துளைகளில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. இங்கும் கொத்தனார் வேலைதான்!

முறிந்த எலும்பு?

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒருவகைப் பிளாஸ்டிக் நுரையைக் கொண்டு முறிந்த எலும்பை ஒட்டிப் பார்த்தார்கள். பெரிய நம்பிக்கை எழுந்தது. ஆனால் சிலருக்குச் சீழ் பிடித்தது. சிலருக்கு எலும்பு சேரவே இல்லை. அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நாற்காலிக் கால் செத்த மரம். எலும்பு உயிருள்ளது, தானே வளர்ந்து சேரக்கூடியது. பசை நடுவே சுவர் போல் நின்றால் இரு முனைகளும் எப்படிச் சேரும்? முதலில் தாங்க வேண்டும். பிறகு புது எலும்புக்கு வழி விட்டுக் கரைய வேண்டும். ஒரே பசையிடம் இரண்டையும் கேட்கிறார்கள்! ஆகவே இன்றும் பெரிய முறிவுக்குக் கட்டும் தகடும்தான்.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரசல் ஸ்டூவர்ட் என்ற விஞ்ஞானி ஒரு கடற்புழுவிடம் பாடம் கேட்டார். கலிபோர்னியா கடலோரத்தில் வாழும் புழு அது. மணலைப் பொறுக்கி, தன் உடம்பில் ஊறும் பசையால் ஒட்டி, குழாய் போல வீடு கட்டுகிறது. தண்ணீருக்குள்ளேயே ஒட்டுகிறது! அரை நிமிடத்தில் பசை இறுகிவிடுகிறது.

அதைப் பார்த்து ஸ்டூவர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு செயற்கைப் பசை செய்தார்கள். 2009-ல், நனைந்த எலும்புத் துண்டுகளை ஆராய்ச்சிக்கூடத்தில் அதைக் கொண்டு ஒட்டிக் காட்டினார்கள்.