படுத்தாச்சு... தூக்கம் எங்கே?

சச்சின் டெண்டுல்கருக்குத் தூக்கம் வராதாம்!

நான் சொல்லவில்லை சார், அவரேதான் 2021-ல் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருடம் மேட்ச்சுக்கு முதல் நாள் ராத்திரிகளில் பதற்றத்தில் புரண்டு புரண்டு படுத்திருக்கிறார். ஷேன் வார்ன் கனவில் சச்சின் வந்து மிரட்டியதாகப் படித்திருக்கிறோம். அந்த வார்னாவது தூங்கியிருக்கிறார். கனவு வந்திருக்கிறதே! நூறு செஞ்சுரி அடித்தவருக்குக் கனவு காணக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

காரைக்குடி டீக்கடையில் இந்த விஷயத்தை எடுத்து விட்டேன். சிராவயல் மஞ்சுவிரட்டில் வருஷம் தவறாமல் இறங்கும் தம்பி ஒருவர் க்ளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"முதல் நாள் ராத்திரி மாடு நல்லா அசை போட்டுக்கிட்டுப் படுத்திருக்கும்ணே. நான்தான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன். கண்ணை மூடுனா கொம்பு தெரியுது!"

மும்பையோ சிராவயலோ, வியாதி ஒன்றுதான். ஜெர்மனியில் 632 விளையாட்டு வீரர்களிடம் விசாரித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முந்தைய ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது போட்டிக்கு முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 66 பேர். பெரும்பாலானவர்களுக்குத் தொல்லையே தூக்கத்தைத் தொடங்குவதில்தான். காரணம் கேட்டால், கொசு இல்லை, பக்கத்து ரூம் குறட்டை இல்லை... நாளைய போட்டி பற்றிய நினைப்பு!

தூங்க வேண்டுமென்றால் உடம்பு கொஞ்சம் குளிர வேண்டும், இதயத் துடிப்பு இறங்க வேண்டும். மனசுக்குள் மேட்ச் ஓடினால் என்ன ஆகும்? மாடு வந்துவிட்டது என்றே உடம்பு நம்பி அட்ரினலினை அவிழ்த்து விடுகிறது. துடிப்பு ஏறுகிறது. போதாக்குறைக்கு, "இன்னும் அஞ்சு மணி நேரம்தான் இருக்கு, தூங்குடா" என்று கடிகாரத்தைப் பார்த்து நம்மை நாமே அதட்டுகிறோம். அதட்டினால் தூக்கம் வருமா? அது என்ன ஆபீஸ் பியூனா? (இப்போது பியூனே வருவதில்லை என்பது வேறு விஷயம்.)

இன்னொரு வில்லன், புது இடம். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016-ல் கண்டுபிடித்தார்கள்: பழக்கமில்லாத இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பக்கம் முழுசாக ஆழ்ந்து தூங்குவதில்லை. வாட்ச்மேன் மாதிரி அரைக் கண்ணால் காவல் காக்கிறது. நம்ம ஊர் ஆயிரம் ஜன்னல் வீட்டிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தாலும், வெளியூர் ஆட்டக்காரருக்கு முதல் ராத்திரி காற்று வரும், தூக்கம் வராது.

சில சமயம் விளையாட்டின் டைம்டேபிளே தூக்கத்தைத் திருடிவிடும். 2022 மே மாதம், ஆன்லைன் செஸ் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வீழ்த்தினார் நம்ம பிரக்ஞானந்தா. முடிந்தபோது மணி ராத்திரி ரெண்டு. காலையில் எட்டே முக்காலுக்கு ஸ்கூலில் இருக்க வேண்டும், பிளஸ் ஒன் பரீட்சை! பதினாறு வயசுப் பையன். நாம் அந்த வயசில் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி முழித்தது இவ்வளவு நல்ல காரணத்துக்கா?

சிரிக்க முடியாத ராத்திரியும் உண்டு. 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று பேரை வீழ்த்தி மல்யுத்த ஃபைனலுக்குப் போய்விட்டார். ஆனால் எடை 50 கிலோவைத் தாண்டி நின்றது. ராத்திரி பூரா ஓட்டம், சைக்கிள், நீராவிக் குளியல். தலைமுடியைக்கூடக் கத்தரித்தார்கள். பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்து தராசில் ஏறினால் 100 கிராம் அதிகம். ஃபைனலும் போச்சு, மெடலும் போச்சு. இரண்டு நாள் கழித்து அமன் செஹ்ராவத்துக்கும் அதே சோதனை. பத்து மணி நேரத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் இறக்கினார். அவர் கழுத்தில் வெண்கலம்! ரெண்டு பேரும் தூங்காதவர்கள்தான். தராசு ஒருவரிடம் சிரித்தது, இன்னொருவரிடம் முறைத்தது.

சரி, தூங்காவிட்டால் அப்படி என்ன குடி முழுகிவிடும்? ஒரு ராத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஜெர்மன் வீரர்களில் பெரும்பாலோர், ஆட்டம் ஒன்றும் கெடவில்லை என்றே சொன்னார்கள். தொடர்ந்து பல ராத்திரி போனால்தான் ஆபத்து. பள்ளி விளையாட்டு வீரர்களை வைத்து அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. எதிர்க் கணக்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் பதினோரு பாஸ்கெட்பால் பையன்களை, "தினம் பத்து மணி நேரம் படுக்கையில் கிடங்கப்பா" என்றார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் ஓட்டத்தில் வேகம் கூடியிருந்தது, ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் அதிகம் விழுந்தது.

ஆகவே, கபடி டீமில் இருக்கிற தம்பிகளும், ஆபீஸ் ஷட்டில் டோர்னமென்ட்டுக்குப் பேர் கொடுத்திருக்கும் அண்ணன்களும் கவனிக்க:

பைனலுக்கு முதல் நாள் தூக்கத்தை நம்பாதீர்கள். அதற்கு முந்தின வாரமே சேர்த்து வையுங்கள். சம்பள நாளுக்கு முன்பே மளிகை வாங்கி வைக்கிற புத்திசாலித்தனம்தான் இது.

மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி காஃபின் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். செல்போனை அடுத்த ரூமில் படுக்கப் போடுங்கள்.

இத்தனைக்கும் தூக்கம் வராவிட்டால்? சச்சின் வழிதான். இதுவும் ஆட்டத்துக்குத் தயாராவதில் ஒரு பகுதி என்று அவர் ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொண்டு விட்டார். தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டார். டி.வி. பார்த்தார், வீடியோ கேம் ஆடினார். காலையில் தானே டீ போடுவதும் துணிக்கு இஸ்திரி போடுவதும்கூட மனசை லேசாக்கின என்றார்.

நாமும் செய்யலாம். கப் கிடைக்காவிட்டாலும், மறுநாள் ஆபீசுக்கு மடிப்புக் கலையாத சட்டையாவது மிஞ்சும்!